வானத்தைப் பார்க்காதீர்கள், பாலமோரைப் பாருங்கள்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பேர். "மக்கா, கொஞ்சம் வெள்ளம் கொண்டு வா" என்றால் செம்பில்தான் வரும். ஆட்டோவில் மைக் கட்டி "ஆற்றில் வெள்ளம் வருகிறது" என்று அறிவித்துப் போகும்போது, திண்ணையில் இருக்கும் பெரியவர் "ஆத்துல வெள்ளம் வராம பின்ன பாலா வரும்?" என்று கேட்பார். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அவர் தலைக்கு மேலே இருக்கும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்கிறார். குழித்துறையில் வெயில் அடிக்கும்போது ஆறு கரையைத் தொடுவது இங்கே புதிது இல்லை. ராத்திரி பாலமோர் மாதிரி மலைப்பக்கத்தில் பெய்தது பகலில் கீழே வருகிறது, அவ்வளவுதான்.

வரைபடத்தை எடுத்துப் பேச்சிப்பாறை அணையிலிருந்து தேங்காப்பட்டணம் கடற்கரைக்கு ஒரு கோடு போடுங்கள். 30 கிலோமீட்டர்கூட வராது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். டெல்டாக்காரர்களுக்கு அந்த அவகாசம் உண்டு. நமக்கு உள்ளது சில மணி நேரம். சின்ன ஓடைகளின் கரையில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது.

இன்னொன்று, தமிழ்நாட்டின் மற்ற கடலோர மாவட்டங்களுக்கு ஒரு பருவமழைதான் பெரிதாக வரும். நமக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு, நடுவில் ஏப்ரல், மே கோடை மழை. நவம்பர் வரும்போது மண் ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்திருக்கும். ஜூன் முதல் வாரத்தில் 100 மில்லிமீட்டர் பெய்தால் பாதியை மண் வாங்கிக்கொள்ளும். அதே 100 நவம்பரில் பெய்தால் அப்படியே ஓடும். ஆகவே மழையளவு ஒன்றாக இருந்தாலும் மாதம் வேறானால் வெள்ளம் வேறு.

அந்த அளவைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவருவோம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சென்ட் நிலம் சுமார் 40 சதுர மீட்டர். பத்து சென்ட் விளையில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 40 ஆயிரம் லிட்டர், அதாவது 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரி மூன்றுக்கும் மேலே உங்கள் முற்றத்தில் கவிழ்த்த மாதிரி. முற்றத்துக்கு சிமெண்ட் போட்டு, இன்டர்லாக் கல் பதித்து, கையாலையை (பழைய மண், கல் வேலிச்சுவரை) இடித்துவிட்டு மதில் கட்டியிருந்தால் அந்த மூன்று லாரியும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். அவர் வீட்டிலும் அதே இன்டர்லாக் கல்தான்.

வானிலை ஆய்வு மையம் சொல்லும் நிறங்களுக்குப் பின்னால் இருப்பதும் இதே மில்லிமீட்டர்தான். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பொதுவாக இந்த வரிசையில் வரும். இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, எச்சரிக்கை முழு மாவட்டத்துக்கும் சேர்த்து வருகிறது. ஆரல்வாய்மொழியும் பேச்சிப்பாறையும் ஒரே மாவட்டம்தான், ஆனால் மழையில் இரண்டும் இரண்டு நாடு. இரண்டு, அது 24 மணி நேரக் கணக்கு. 120 மில்லிமீட்டர் நாள் முழுக்கச் சாரலாகப் பெய்தால் ரப்பருக்கு நல்லது. அதையே மூன்று மணி நேரத்தில் கொட்டினால் ஓடைக்கரை வீடு போகும்.

சிவப்பு எச்சரிக்கை வந்து ஒன்றும் பெய்யாமல் போன நாட்களை எண்ணிக்காட்டி "இவனுங்க சொன்னா பெய்யாது" என்கிறவர்களுக்கு 2023 டிசம்பர் 17, 18 போதும். குமரிக்கடல் மேல் இருந்த காற்றுச் சுழற்சி காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. காயல்பட்டினம் மலையடிவாரம் அல்ல, கடற்கரை மணல். அந்தச் சுழற்சி நூறு கிலோமீட்டர் மேற்கே தள்ளி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பழையாற்றங்கரையில் வீடு உள்ளவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

சரி, எதைப் பார்ப்பது?

தினமும் காலையில் மாவட்ட நிர்வாகத்தின் மழையளவுப் பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாலமோர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு 1, சிற்றாறு 2, புத்தன் அணை, சுருளோடு, களியல், மாம்பழத்துறையாறு, பூதப்பாண்டி, அடையாமடை, கோழிப்போர்விளை, முள்ளங்கினாவிளை, குளச்சல், கொட்டாரம், மயிலாடி என்று நீளும். நம்மில் பலர் முதலில் நம் ஊரைத் தேடுகிறோம். அதை விட்டுவிட்டு மலைப்பக்கத்துப் பெயர்களைப் பாருங்கள். பாலமோரிலும் பெருஞ்சாணியிலும் 80, 90 என்று நின்று, உங்கள் ஊரில் 4 என்று இருந்தால் அன்றைக்கு நீங்கள் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போகக் கூடாத நாள். பட்டியல் முந்தைய நாள் காலை முதல் அன்று காலை வரைக்குமான மொத்தம் என்பதால், நீங்கள் படிக்கும்போது அந்த மழை ஏற்கெனவே ஆற்றில் இறங்கியாயிற்று.

அதே பட்டியலின் அடியில் அணை நிலவரம் இருக்கும். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, சிற்றாறு இரண்டுக்கும் 18 அடி. நிறைய பேர் நீர்மட்டத்தை மட்டும் பார்த்து "இன்னும் ஆறடி இருக்கே" என்று நிம்மதி அடைகிறார்கள். அந்த ஆறடியை அப்படியே நிரப்பிவிட்டுத்தான் திறப்பார்கள் என்று நினைப்பது தப்பு. வடகிழக்குப் பருவத்தில் பேச்சிப்பாறையை 42 அடியை ஒட்டியே வைத்திருக்கப் பார்ப்பார்கள், மேலே உள்ள இடம் திடீர் வரத்தைத் தாங்க. ஆகவே மட்டத்தைவிட முக்கியம் வரத்து, வெளியேற்றம் என்ற இரண்டு எண்களும் அவற்றின் இடைவெளியும். வரத்து 3,000 கன அடி, வெளியேற்றம் 1,000 கன அடி, மட்டம் 43 அடி என்று ஒரு காலை இருந்தால், வெளியேற்றம் அன்றைக்குள் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் அறிவிக்க வேண்டியதில்லை, கணக்கே சொல்கிறது. விநாடிக்கு 1,000 கன அடி என்றால் 28 ஆயிரம் லிட்டர். ஒவ்வொரு விநாடியும் இரண்டு டேங்கர் லாரிக்கு மேல்.

பேச்சிப்பாறை, சிற்றாறு அணைகளின் உபரி கோதையாற்றில் திற்பரப்பு வழியாக இறங்குகிறது. பெருஞ்சாணி உபரி பரளியாற்றில் வருகிறது. இரண்டும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து குழித்துறைக்குப் போகின்றன. திற்பரப்பில் குளிக்கத் தடை என்ற செய்தியைச் சுற்றுலாச் செய்தியாகப் படிக்காதீர்கள். வைக்கல்லூர், பருத்திக்கடவு, மங்காடு பக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் முதல் மணி. பெருஞ்சாணியும் சேர்ந்து திறந்திருக்கிறதா என்பது இரண்டாவது மணி. ஒரு அணை மட்டும் திறந்தால் ஆறு நிறையும். இரண்டும் திறந்து, அணைக்குக் கீழே உள்ள அருமனை, குலசேகரம் பக்க மழையும் கூடினால் ஆறு வீட்டுக்கு வரும். அந்தக் கீழ்மழைக்கு மதகும் இல்லை, அறிவிப்பும் இல்லை.

பழையாறு வேறு சாதி. அதன் குறுக்கே பேச்சிப்பாறை மாதிரி பெரிய அணை கிடையாது, ஆகையால் "திறந்துவிட்டார்கள்" என்ற மைக் சத்தமும் கிடையாது. தடுப்பணைகளும் குளங்களும்தான். மேலே ஒரு குளம் நிரம்பி மறுகால் (உபரித் தண்ணீர் வழியும் வாய்) பாய்ந்தால் அடுத்த குளம், அது நிறைந்தால் அதற்கடுத்தது என்று சங்கிலியாக இறங்கி, பூதப்பாண்டி, திருப்பதிசாரம், ஒழுகினசேரி, சுசீந்திரம் என்று வந்து மணக்குடியில் கடலைச் சேரும். இங்கே கவனிக்க வேண்டியது மறுகால்கள். உங்களுக்கு மேலே உள்ள இரண்டாவது குளம் எது, அதன் மறுகால் எங்கே விழுகிறது என்று தெரியாமல் நாகர்கோவிலில் இடம் வாங்கியவர்கள் ஏராளம். பழைய வயல்பத்து, புதிய மனைப்பிரிவு. பத்திரத்தில் 'நஞ்சை' என்று இருந்ததைப் பார்த்தும் மலிவாக இருக்கிறதே என்று வாங்கியிருப்பார்கள்.

மொபைலில் ராடார் படம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் சென்னை ராடாரைத் திறந்து வைத்துக்கொண்டு பயனில்லை. நமக்குத் திருவனந்தபுரம் ராடார்தான். மகேந்திரகிரிப் பக்கம் சிவப்புத் திட்டு ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நின்றால் கவனியுங்கள். நகர்ந்து போகும் மழை நனைக்கும், நின்று பெய்யும் மழைதான் மூழ்கடிக்கும். நெட் போய்விட்டால் மழையை நீங்களே அளக்கலாம். பக்கெட் வேண்டாம், அதன் வாய் அகன்று அடி குறுகியிருக்கும், அளவு தப்பாகும். நேர்ச்சுவர் உள்ள எவர்சில்வர் டப்பாவையோ கழுத்தை வெட்டிய நேரான பாட்டிலையோ திறந்த வெளியில், மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஸ்கேலில் 3 சென்டிமீட்டருக்கு மேல் ஏறி, அடுத்த மணி நேரமும் குறையவில்லை என்றால் ஓடைக்கரையில் தூங்குவதற்கான ராத்திரி அது இல்லை. இது அரசாங்க அளவுகோல் இல்லை, என் அளவுகோல்.

இனி சானல் உடைப்பு. சானல் என்றால் இங்கே பாசனக் கால்வாய். 2021 நவம்பர் 12, 13 தேதிகளில் மாவட்டத்தையே புரட்டிப் போட்ட மழையில் ஆறு ஏறிய இடங்கள் ஒரு பக்கம் என்றால், சானல் கரையும் குளக்கரையும் உடைந்து வயலிலும் தெருவிலும் பாய்ந்தது இன்னொரு பக்கம். ஆற்றுவெள்ளம் படிப்படியாக ஏறும், உடைப்பு வெள்ளம் கதவைத் தட்டாது.

தோவாளை சானல், அனந்தனார் சானல் போன்றவை மலையடிவாரச் சரிவை ஒட்டி, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து போகிறவை. மழை வலுத்ததும் தலைப்பில் ஷட்டரை அடைத்துவிடுவார்கள். "சானல் அடைச்சாச்சு, பயமில்லை" என்பது அதனால் வரும் நினைப்பு. வழிநெடுக மலைத்தண்ணீர் சானலுக்குள்தானே இறங்குகிறது? அது வெளியே போக இடையில் உள்ள மடைகள் வேலை செய்தாக வேண்டும். ஆகாயத்தாமரை, வாழைத்தண்டு, பிளாஸ்டிக் எல்லாம் வந்து மடைக்கம்பியில் அடைத்தால் மட்டம் கரைக்கு ஏறும். குளத்து மறுகாலிலும் இதே கதை. மீனுக்காகக் கட்டிய வலையில் குப்பை சிக்கிச் சுவர் மாதிரி ஆகிவிடும். மழைக்கு முந்தின வாரம் வாய்க்கால் தூர்வாருவதைவிட, மழை நாளில் ஒரு நீளக் கம்பும் கொக்கியுமாக இரண்டு பேர் மடையில் நின்று குப்பையை இழுத்துவிடுவது அதிகம் உதவும். கரையில் நின்றுதான் இழுக்க வேண்டும், இடுப்பில் கயிறு கட்டி மறுமுனை ஒருவர் கையில். மடை வாய்க்குள் இறங்கக் கூடாது. உறிஞ்சும் இடத்தில் நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

கரை உடைவதற்கு முன்னால் அறிகுறி காட்டும். வயல் பக்கத்து அடிவாரத்தில், நண்டு வளையோ எலி வளையோ இருந்த இடத்தில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசியும். உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் வெறும் கசிவு, ஒருவரைக் காவல் வைத்தால் போதும். கலங்கி, விரலுக்கிடையில் மண் நெருடினால் கரையின் உள்மண் வெளியேறுகிறது என்று அர்த்தம். உள்ளே குழாய் மாதிரி வழி உண்டாகி, சில மணி நேரத்தில் மேல்மண் உட்காரும், பிறகு உடைப்பு. இந்த நேரத்தில் எல்லோரும் செய்வது கசியும் வாயில் மண்மூட்டையைத் திணித்து அடைப்பது. அது தப்பு. உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும், தண்ணீர் பக்கத்தில் வேறு இடத்தில் கிழித்துக்கொண்டு வரும். கசியும் வாயைச் சுற்றிக் கிணற்று உறை மாதிரி வட்டமாக மூட்டை அடுக்க வேண்டும். வட்டத்துக்குள் தண்ணீர் தேங்கி உயர உயர, இரு பக்க மட்ட வித்தியாசம் குறையும், வேகம் தணியும், மண் வருவது நிற்கும். தெளிந்த தண்ணீர் வட்டத்தின் மேலே வழிந்தால் விட்டுவிடலாம். கூடவே சானலின் உள்பக்கத்தில் தார்ப்பாயை விரித்துக் கீழ்முனையில் கல் கட்டி இறக்கினால், தண்ணீரே அதை வளைவாயில் ஒட்டி அமுக்கும்.

மூட்டை நிரப்புவதிலும் பக்குவம் உண்டு. சிமெண்ட் சாக்கைக் கழுத்து வரை நிரப்பி இறுக்கிக் கட்டினால் உருண்டை கல் மாதிரி நிற்கும், இடுக்கில் தண்ணீர் போகும். பாதி, மிஞ்சினால் முக்கால் பங்குக்குள் நிரப்பி, வாயைக் கட்டாமல் அடியில் மடித்து வைத்து, தண்ணீர் ஓடும் திசைக்கு நீளவாக்கில் போட்டு மிதியுங்கள். செங்கல் கட்டுகிற மாதிரி இணைப்பு மாற வேண்டும். அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்கு. ஒரு அடி உயரத்தில் பத்தடி நீளம் அடைக்க 50, 60 மூட்டை தேவைப்படும். பத்து மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் இரண்டடி மதில் எழுப்ப முயல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவும்.

வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டிச் சமன் செய்து கட்டியவர்களுக்கு ஆபத்து ஆற்றிலிருந்து வராது. விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பக்கம் இப்படித்தான் பாதி வீடுகள். 2021இல் ரயில் பாதையிலும் மண் சரிந்து ரயில்கள் நின்றன. அதே செம்மண், அதே செங்குத்து வெட்டு. செம்மண் காய்ந்திருக்கும்போது பாறை மாதிரி நிற்கும், கத்தியால் வெட்டின மாதிரி பதினைந்து அடி நின்றாலும் பயம் வராது. தண்ணீர் உள்ளே இறங்கி அடியில் உள்ள பாறையைத் தொட்டதும், பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே வழுக்கல் உண்டாகிறது. மேலே ரப்பர் மரங்கள் நிற்கின்றன, வேர் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். ரப்பருக்காக வெட்டிய தண்ணீர்க் குழிகள் நிரம்பி உள்ளே இறங்குவதும் அதே சரிவில்தான்.

மேலே விளிம்புக்கு இணையாக விரிசல், சாய்ந்த கமுகு, முந்தாநாள் வரை சரியாக மூடிய பின்கதவு இன்று இறுகுவது, அடிவாரத்தில் இதுவரை இல்லாத ஊற்று, அதுவும் கலங்கலாக. இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அன்று ராத்திரி பின்அறையில் படுக்கை கூடாது. வெட்டின உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் படுப்பது நல்லது, இடம் இல்லையென்றால் சொந்தக்காரர் வீடு. விரிசல்மேல் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்து, மேலிருந்து வரும் ஓட்டத்தைப் பக்கவாட்டில் சின்னச் சாலாக வெட்டித் திருப்பலாம். அடியில் சரிந்த மண்ணை மழை நிற்கும் முன்னால் வாரக் கூடாது. இப்போது மேலே உள்ளதைத் தாங்குவது அந்தக் குவியல்தான்.

மதிலுக்கும் இதே விதி. மதிலின் ஒரு பக்கம் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறக்குறைய அரை டன் தள்ளுகிறது. உயரம் இரட்டித்தால் தள்ளு நான்கு மடங்கு. பழைய கையாலை ஒழுகும், ஆகவே நிற்கும். சிமெண்ட் பிளாக் மதில் ஒழுகாது, ஆகவே விழும். மதில் கட்டும்போதே ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக மூன்று அங்குல பிவிசி குழாய்த் துண்டு, வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து, பின்னால் ஒரு கூடை ஜல்லியுடன் வைத்தால் போதும். மொத்தச் செலவில் அது ஒன்றும் பெரிதில்லை. கொத்தனார்கள் வேண்டாம் என்பார்கள், பூச்சில் கறை படியுமாம்.

கடல் பக்கம் சுருக்கமாக. மணக்குடி போன்ற பொழிமுகங்களில், அதாவது ஆறு கடலில் சேரும் இடங்களில், மணல்திட்டு அடைத்திருந்தால் ஆற்றுத்தண்ணீர் திரும்பி ஊருக்குள் ஏறும். பொழி வெட்டுவதென்றால் கடல் இறங்கும் நேரத்தில் வெட்ட வேண்டும். ஏறும் நேரத்தில் வெட்டினால் அலையே மணலைக் கொண்டுவந்து திரும்ப அடைத்துவிடும். இறங்குமுகத்தில் சின்னச் சால் கிழித்தாலே போதும், ஓட்டமே அரித்து அகலமாக்கிக்கொள்ளும். அந்த விளிம்பில் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாமல் அடிமணல் போய்க்கொண்டிருக்கும். மழையும் காற்றும் இல்லாமலேயே கடல் ஏறுகிற கள்ளக்கடல் தனி. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும்பிய அலை அது. 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் போனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான்.

பாலங்களைப் பற்றி: குழித்துறை சப்பாத்து (தாழ்வான தரைப்பாலம்) மேல், மோதிரமலைக்குப் போகும் குற்றியாறு தரைப்பாலம் மேல், கணுக்கால் அளவு தண்ணீர் போனாலும் பைக்கை இறக்காதீர்கள். அரையடி வேக ஓட்டம் ஆளைச் சாய்க்கும், ஒரு அடி சின்னக் காரைத் தூக்கும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் தள்ளு நான்கு மடங்கு. பாசி பிடித்த கான்கிரீட், உடைந்த விளிம்பு, கீழ்ப்பக்கம் அரித்த பள்ளம், மூன்றும் கலங்கல் தண்ணீருக்குள் தெரியாது. தினமும் போகிற பாலம்தானே என்பது அங்கே செல்லாது.

தண்ணீர் வீட்டுக்குள் வரப்போகிறது என்று தெரிந்தால், வரிசை முக்கியம். முதலில் மின்சாரம். கால் நனையும் முன்னால் மெயினை அணைக்க வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு ஃபியூஸ் பிடுங்கப் போகாதீர்கள், மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987க்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரை மறந்துவிடுவார்கள், மெயினை அணைத்த பிறகும் அது வீட்டுக்குள் மின்சாரம் விட்டுக்கொண்டுதான் இருக்கும். பிறகு கேஸ், ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டரைச் சன்னல் கம்பியில் கட்டுங்கள். காலி சிலிண்டர் மிதந்து போய்விடும். மாட்டையும் ஆட்டையும் அவிழ்த்துவிடுங்கள், கட்டிப்போட்டதுதான் சாகும். கழிவறைக் கோப்பையில் ஒரு மண்மூட்டை. செப்டிக் டேங்க் நிரம்பினால் அந்த வழியாகத்தான் முதலில் வீட்டுக்குள் வரும், வாசலில் மூட்டை அடுக்கியவர்கள் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது தெரியும். பட்டா, பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் முந்தின நாளே போட்டோ எடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, ஆம்புலன்ஸ் 108.

வடிந்த பிறகு அவசரம் கிணற்றில்தான் வேண்டாம். மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைத்துக் காலி செய்தால், வெளியே மண் இன்னும் தண்ணீரில் ஊறி நிற்கும்போது உள்ளே அழுத்தம் போய், உறை இடியும். சுற்றுவட்டாரத் தண்ணீர் இறங்கும் வரை பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். பிறகு பிளீச்சிங் பவுடர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம், வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 5 கிராம். ஆறடி விட்டமுள்ள கிணற்றில் பத்தடி தண்ணீர் என்றால் சுமார் 8,000 லிட்டர், 40 கிராம் போதும். கைப்பிடி கைப்பிடியாக நேரே கிணற்றில் தூவுவது வீண், சுண்ணாம்பு அடியில் உட்காரும். பக்கெட்டில் பசை மாதிரிக் குழைத்து, முக்கால் பக்கெட் தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மேலும் கீழுமாக அசையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம், குடிப்பதற்குக் கொதிக்கவைத்துத்தான். பவுடர் பழையதானால் வீரியம் இருக்காது, மூக்கில் ஏறும் வாசனை இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள்.

சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் தடுப்புக்குக் கொடுப்பார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது ஆகாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலித்து, கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்போடு நிறுத்தாதீர்கள்.

நிவாரணத்துக்காக, கழுவும் முன்னால் படம் எடுங்கள். வாழை போயிருந்து பயிர்க் காப்பீடு செய்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைச் சுண்ணாம்பு அடித்து மறைக்காமல் பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். கோட்டின் பக்கத்தில் தேதி, அன்றைக்குப் பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் எத்தனை கன அடி திறந்தன, திறந்து எத்தனை மணி நேரத்தில் வாசற்படிக்கு வந்தது. பழையாற்றுப் பக்கம் என்றால் எந்தக் குளம் முதலில் மறுகால் பாய்ந்தது என்றும். அடுத்த முறை காலைப் பட்டியல் வரும்போது அந்தச் சுவருக்கு எதிரே நின்று படிக்கலாம்.